சறோஜினிதேவி வாங்கிய சாமான்

நெடுந்தீவு கிழக்கு,
15.07.2024

சறோஜினிதேவிக்கு,

நலமா என்று கேட்டு எழுதவில்லை. நீர் காலையில் கிணற்றுக்கட்டில் வாளியை வைக்கிற சத்தத்திலேயே உமக்குக் காய்ச்சலா, கோபமா என்று எனக்குத் தெரிந்துவிடும். இந்தக் கிழமை முழுக்கக் கோபம்.

அடுத்த வளவில் இருக்கிற மச்சாளுக்கு முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிற முதல் ஆள் இந்தத் தீவில் நானாகத்தான் இருப்பேன். தபால்காரன் டெனிஸ்ரன் இப்போதே சிரிக்கிறான். "ஐயா, மதிலுக்கு மேலால எட்டிக் குடுத்தால் முடிஞ்சுது, இதுக்கேன் முத்திரை?" என்று கேட்டான். மதிலுக்கு மேலால் உம்மைக் கூப்பிட்டுப் பார்த்தேன். நீர் குசினிக்குள் போய்விட்டீர். போன் எடுத்தேன், வெட்டினீர். படலையைத் திறந்துகொண்டு வரலாம்தான். வந்தால், கள்ளன் மிரட்டப் போனான் என்று பொழுதுபட முதல் துறைமுகம் வரைக்கும் கதை போய்விடும். அதனால்தான் கடிதம்.

நான் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து பென்சனுக்கு வந்த நாள் முதல், கண் கிளினிக்குக்கு யாழ்ப்பாணம் போகிறபோதெல்லாம் ஊராருடைய வங்கிக் கார்டுகளையும் கொண்டு போகிறேன். படகேற ஏலாதவர்கள் தருவார்கள், காற்றுக்குப் பயந்தவர்கள் தருவார்கள். கார்டைக் கையில் தந்து, நாலு இலக்கத்தைக் காதுக்குள் சொல்வார்கள். நான் மெசினில் காசை எடுத்து, ஆளாளுக்குப் பெயர் எழுதிய என்வலப்பில் போட்டுக் கொண்டுவருவேன். அது ஒரு பிழை என்று இங்கே ஒருவருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றவில்லை. உம்முடைய மனுசனின் பென்சன் காசையும் அப்படித்தான் இத்தனை காலமும் எடுத்துத் தந்தேன்.

போன வெள்ளிக்கு முதல் வெள்ளி உம்முடைய கணக்கை யாரோ துடைத்துவிட்டார்கள். நீர் துறையடியில் இன்னாசித்தம்பியின் கடையில் நின்று அழுதீராம். அவர் கேட்டாராம், "ஆரிட்டைத் தங்கச்சி கார்டைக் குடுக்கிறனீர்?" என்று. "அத்தானிட்டைத்தான் குடுக்கிறனான்" என்றீராம். பிறகு வாய் திறக்கவில்லையாம்.

நீர் பொய் சொல்லவில்லை. கள்ளன் என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு நீர் பேசாமல் நின்றீர் பாரும், மிச்சத்தை அது சொல்லிவிட்டது.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். வங்கியில் கணக்குக் கூற்றைக் கேட்டு எடும். காசு யாரிடம் போனது என்று அதில் இருக்கும். அதைக் கடையடியில் நீரே சொல்லும். என் பெயர் எனக்கு வேண்டும் சறோஜினி. உம்முடைய அக்கா போனபிறகு என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

மார்க்கண்டு


நெடுந்தீவு கிழக்கு,
19.07.2024

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. டெனிஸ்ரன் படலையில் நின்று, "அன்ரி, வெளிநாட்டுத் தபால்" என்று ஊருக்கே கேட்கக் கத்தினான். உங்களுடைய முத்திரையால் எனக்குக் கிடைத்த மரியாதை இது.

உங்களைப் பற்றி நான் ஒரு சொல் பிழையாகச் சொல்லவில்லை. அதை நீங்களே எழுதியும் இருக்கிறீர்கள். பிறகென்ன? ஊர் வாய்க்கு நானா பூட்டு?

கார்டை வங்கி நிறுத்திவிட்டது. யாழ்ப்பாணத்து வங்கியிலிருந்து பவதாரணி என்ற பிள்ளை கதைத்தது. நல்ல பிள்ளை, அன்பாகத்தான் கதைத்தது. போன காசு வருமா என்று கேட்டேன். "பாப்பம் அம்மா" என்றது. வராது என்று விளங்கிக்கொண்டேன். காசு என்னுடையது, போனதும் என்னுடையது. நானே விட்டுவிட்டேன், நீங்களும் விடுங்கள். கணக்குக் கூற்றில் என்ன இருக்கிறது என்பது என்னுடைய விஷயம். அதை வாசித்துக் காட்ட இன்னாசித்தம்பியின் கடை என்ன நீதிமன்றமா?

இன்னொன்று. சில நாட்களாக உங்கள் றேடியோவில் செய்தி கேட்கவில்லை. எனக்காகச் சத்தத்தைக் குறைக்க வேண்டாம். முன்பு வைக்கிற மாதிரியே வையுங்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவளுக்கும் நேரம் தெரிய வேண்டும்.

சறோஜினிதேவி


நெடுந்தீவு கிழக்கு,
24.07.2024

சறோஜினிதேவிக்கு,

றேடியோவைக் குறைக்கவில்லை. போடவில்லை. செய்தி கேட்டு யாரோடு கதைக்கப் போகிறேன்?

துறையடியில் என்ன நடக்கிறது என்று உமக்குத் தெரியாது. கடையில் அழுத நாளுக்குப் பிறகு நீர் அந்தப் பக்கம் வருவதில்லை. ஒருவரும் என்னைப் பேசவில்லை. ஏசினாலாவது திருப்பி ஏசலாம். எல்லாரும் மரியாதையாகக் கார்டைத் திருப்பி வாங்குகிறார்கள். "அண்ணை, ஒருக்கா அந்தக் கார்டைத் தாங்கோ, மகள் வாறாளாம், கேக்கிறாள்." "மாஸ்டர், உங்களுக்கேன் வீண் அலைச்சல்." நான் ஒருநாளும் மாஸ்டராக இருந்ததில்லை. புது மரியாதை இது. போன திங்கள் கிளினிக்குக்குப் போனபோது என் சேட்டுப் பையில் என்னுடைய கார்ட் மட்டும் இருந்தது. குறிகட்டுவான் துறை வரைக்கும் ஒருவரும் எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. படகில் இடம் இல்லாமல் ஆட்கள் நின்றுகொண்டு வந்தார்கள்.

உம்முடைய காசு போனது 5ஆம் திகதி வெள்ளிக்கிழமை. அன்றைக்குச் சோளகக் காற்று அடித்துப் படகே ஓடவில்லை. நான் இங்கேதான் இருந்தேன். கார்ட் உம்முடைய அலுமாரிக்குள் இருந்தது. இதைக் கடையடியில் சொன்னேன். அங்கே நின்ற வல்லிபுரம் பதில் வைத்திருந்தார். "கார்ட் தேவையில்லையாம் அண்ணை. இலக்கத்தைப் பாத்து எழுதி வைச்சால் காணுமாம். என்ரை மருமோன் பரீசிலயிருந்து சொன்னவன்." அவர் என் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

சரி, மருமகன் சொன்னது மெய்யா என்று அறிய வங்கிக்கே போனேன். உம்முடைய பவதாரணியைத்தான் கண்டேன். உம்முடைய கணக்கைப் பற்றி ஒரு சொல் சொல்லமாட்டேன் என்றுவிட்டது. அது சரிதான். பொதுவாகச் சொல்லு பிள்ளை என்றேன். போனில் சாமான் வாங்குவதென்றால் கார்டின் முன்பக்க இலக்கம் வேண்டுமாம், முடிகிற திகதி வேண்டுமாம், பின்பக்கத்து மூன்று இலக்கமும் வேண்டுமாம். இவ்வளவும் நான் பார்த்து எழுதியிருக்கலாம், உண்மை. ஆனால் அதற்குப் பிறகு வங்கி ஆறு இலக்கம் அனுப்புமாம். அது கார்ட் உரியவருடைய போனுக்குத்தான் வருமாம். அதைச் சொல்லாமல் உம்முடைய வங்கியில் ஒரு சதமும் அசையாதாம்.

சறோஜினி, அந்த வெள்ளிக்கிழமை உம்முடைய போன் உம்முடைய கையில்தானே இருந்தது? அந்த ஆறு இலக்கத்தை யாருக்கு வாசித்தீர்?

இதைக் கடையடியில் போய்ச் சொல்ல என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி உம்மிடம் வரும். விழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கே என்மேல் ஆத்திரமாக இருக்கிறது.

மார்க்கண்டு


நெடுந்தீவு கிழக்கு,
29.07.2024

அத்தானுக்கு,

பொலிஸ் வேலைக்குப் போகவேண்டிய ஆள் சங்கக்கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள்.

ஓம். நான்தான் ஒரு சாமான் வாங்கினேன். போனில் படம் வந்தது. ஒரு சேலை. விலை குறைவாக இருந்தது. கேட்டதையெல்லாம் கொடுத்தேன். ஆறு இலக்கத்தையும் சொன்னேன். சேலையும் வரவில்லை, காசும் போனது. போதுமா?

இதைச் சபையில் சொல்லச் சொல்லாதீர்கள். புருசன் செத்தவள் போனில் பட்டுச்சேலை பார்த்தாள் என்று எங்கள் ஊர் எத்தனை வருடம் சிரிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்காக ஒன்று செய்கிறேன். அத்தான் எடுக்கவில்லை என்று நானே இன்னாசித்தம்பியிடம் சொல்கிறேன். என்ன, எப்படி என்று கேட்டால் சொல்லமாட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

சறோஜினிதேவி


நெடுந்தீவு கிழக்கு,
06.08.2024

சறோஜினிதேவிக்கு,

நீர் போய்ச் சொன்னதைக் கேள்விப்பட்டேன். "அத்தான் எடுக்கேல்லை, அவரை ஒருத்தரும் ஒண்டும் சொல்லக்கூடாது" என்று சொல்லிவிட்டு, எண்ணெய்ப் போத்தலையும் மறந்து வந்தீராம். போத்தலை டெனிஸ்ரன் கொண்டுவந்து தந்திருப்பான்.

நல்ல மனத்தோடுதான் சொன்னீர். ஆனால் விளைவைக் கேளும். சொந்தக்காரனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் மூடி மறைக்கிறாள் என்று இப்போது கதை. முன்பு நான் ஒருவேளை கள்ளன். இப்போது மன்னிக்கப்பட்ட கள்ளன். முன்னையது பரவாயில்லைப் போலிருக்கிறது.

சேலைக் கதையை நான் நம்பவில்லை. கோபிக்க வேண்டாம், காரணம் சொல்கிறேன்.

ஊரில் பாதிப் பேருடைய நாலு இலக்கமும் இன்னும் என் தலைக்குள் கிடக்கிறது. மறக்கப் பார்க்கிறேன், ஏலாமல் இருக்கிறது. ஒருவரும் சும்மா ஒரு இலக்கத்தை வைப்பதில்லை. ஒருவர் கலியாணம் கட்டிய திகதி வைத்திருக்கிறார். ஒருவர் வள்ளம் வாங்கிய வருடம். ஒரு தாய் செத்துப்போன பிள்ளையின் பிறந்த நாளை வைத்திருக்கிறாள். மெசினுக்கு முன்னால் நின்று நான் அவற்றை ஒவ்வொன்றாக அமத்துவேன். காசெடுக்கிற மாதிரி இருக்காது, ஆட்களின் வீட்டுக்குள் போய்வருகிற மாதிரி இருக்கும். பிறந்த நாளை வைக்கக்கூடாது, ஊகித்துவிடுவார்கள் என்று பவதாரணி சொன்னது. மெய்தான். நானும் ஊகித்துத்தான் வைத்திருந்தேன்.

உம்முடைய நாலு இலக்கம் ஒன்பதாம் திகதி ஏழாம் மாதம். காசு போனது ஐந்தாம் திகதி.

இதற்கு மேல் எழுதமாட்டேன். உம்முடைய மனுசனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிப் பந்தலில், அத்தனை பேருக்கும் முன்னால் நீர் சொன்ன வசனம் எனக்கும் நினைவிருக்கிறது. அதை நீர் எப்படித் திருப்பி எடுப்பீர்? எடுக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை? நீர் அதை வாயால் சொல்லி அவமானப்படுவதிலும் பார்க்க நான் கள்ளனாக இருந்துவிட்டுப் போகிறேன். ஆனால் இந்த ஊரில் இருந்துகொண்டு அப்படி இருக்க ஏலாது. வியாழக்கிழமைப் படகில் சுருவிலுக்குப் போகிறேன். தம்பி வீட்டில் பின்னறை ஒன்று சும்மா கிடக்கிறதாம். வீட்டுப் பூட்டின் திறப்பை மதிலில், முருகைக்கல் பெயர்ந்த இடத்துக்குள் வைக்கிறேன். கோழிகளைப் பாரும்.

மார்க்கண்டு


நெடுந்தீவு கிழக்கு,
19.08.2024

அன்புள்ள அத்தானுக்கு,

கோழிகள் சுகம். ஒன்று அடைக்கு இருக்கிறது.

நீங்கள் போன அன்று மதிலடியில் நின்றேன். பையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்தீர்கள். அன்று பின்னேரம் ரீ போட்டேன். இரண்டு வளவுக்கும் சேர்த்து நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்பது குடிக்கும்போதுதான் உறைத்தது. எனக்குப் பயமாக இருந்தது அத்தான். கள்ளனுக்கு அல்ல.

நீங்கள் ஊகித்தது சரி. சேலை இல்லை. கேக்.

படத்தில் ஒரு கேக் வந்தது. ஐரோப்பா முழுக்க அன்றே வாசலில் கொண்டுவந்து கொடுப்போம் என்று தமிழில் எழுதியிருந்தது. என்னுடைய பிள்ளை நிரோஜனின் பரீஸ் விலாசம் என்னிடம் இருந்தது. தகப்பன் வருத்தமாகக் கிடந்தபோது மருந்து அனுப்பிய பெட்டியின் மேலட்டையைக் கிழித்து வைத்திருந்தேன். ஏன் வைத்திருந்தேன் என்று கேட்காதீர்கள். முதலில் எழுத்தில் கேட்டார்கள். பிறகு ஒரு ஆள் போன் எடுத்தான். எங்களுடைய கதைதான், எங்களுடைய ஆட்கள் மாதிரியே. "அம்மா, கேக்கில என்ன எழுதுறது?" என்று கேட்டான். நிரோ என்று சொன்னேன். கீழே அம்மா என்று போடவா என்று கேட்டான். எனக்கு அதற்குப் பதில் சொல்ல நேரம் எடுத்தது. அவன் பொறுத்துக்கொண்டு நின்றான்.

கார்ட் இலக்கம் கேட்டான், கொடுத்தேன். பின்பக்கத்து இலக்கம் கேட்டான், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். ஆறு இலக்கம் வந்தது, சொன்னேன். சரிவரவில்லை, இன்னொரு தரம் வரும் என்றான். அதையும் சொன்னேன். பிறகு இன்னொன்று. இதை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. வாசித்தேன். இரண்டாம் தரமே எனக்கு என்னவோ பிழை என்று பட்டது. ஆனால் அவன் இடையில் கேட்டுக்கொண்டே இருந்தான். "மகனுக்கு என்ன நிறம் பிடிக்கும் அம்மா? சின்ன வயசில குழப்படியோ? கடைசியா எப்ப கண்டனீங்கள்?" நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஐந்து வருடத்தில் என்னுடைய பிள்ளையைப் பற்றி என்னிடம் கேட்டவன் அவன் ஒருவன்தான். ஊரில் ஒருவரும் கேட்பதில்லை. நான் சொன்ன சொல்லுக்கு அவ்வளவு மரியாதை.

தகப்பன் செத்தபோது, வந்தால் திரும்பிப் போக ஏலாது, விசா அலுவல் இன்னும் முடியவில்லை என்று நிரோ அழுதான். அது எனக்கு விளங்காமல் இல்லை. கொள்ளி வைக்க ஆள் இல்லாமல் மனுசன் கிடந்த கோபத்தில், அந்தப் பந்தலில் எனக்கு இனிப் பிள்ளையில்லை என்று சொன்னேன். சொன்னபிறகு அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. போன் நம்பரையும் மாற்றினேன். அந்தச் சொல்லைக் காப்பாற்றத்தான் உங்களைக் கள்ளனாக்கினேன். அதை நினைக்கும்போது எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

11ஆம் திகதி ஞாயிறு காற்று விழுந்து, இரண்டு நாளைக்குப் பிறகு படகு வந்தது. துறையடியில் நல்ல சனக்கூட்டம். நான் இன்னாசித்தம்பியின் கடைக்குப் போய், "நான் ஒரு கதை சொல்லவேணும், எல்லாரும் கேளுங்கோ" என்றேன். காசை ஒருவரும் களவெடுக்கவில்லை, நானே போனில் சாமான் வாங்கப்போய்க் கொடுத்தேன் என்றேன்.

"என்ன சாமான் தங்கச்சி?" என்று இன்னாசித்தம்பி கேட்டார்.

"கேக்."

"கேக்கோ? இஞ்சை பேக்கரியில இல்லாத கேக்கோ?"

"பரீசுக்கு. நிரோஜன்ரை பிறந்த நாளுக்கு."

சிரிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கயிறு கட்டிக்கொண்டு நின்ற பெடியனும் அப்படியே நின்றான். பிறகு வல்லிபுரம் மெல்லக் கேட்டார், "இப்ப என்ன வயசு அவனுக்கு?" முப்பத்தாறு என்றேன். "என்ரை மருமோனுக்கும் அவ்வளவுதான்" என்றார். என் பையை வாங்கிக்கொண்டு வீடு வரைக்கும் கூட வந்தார். இன்னாசித்தம்பி பின்னால் நின்று, "மார்க்கண்டண்ணையை நாங்கள்..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. அவர் முடிக்காததை நீங்கள் வந்து கேட்டு வாங்குங்கள். அது உங்களுடையது.

இன்னொரு விஷயம். யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை, அதனால் உங்களிடம் கேட்கிறேன். வியாழன் முதல் ஒரு நம்பர் என் போனுக்கு வருகிறது. வெளிநாட்டு நம்பர். 33 என்று தொடங்குகிறது. அது பிரான்ஸ் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேக்காரனுடைய நம்பரும் 33இல்தான் தொடங்கியது. தெரியாத நம்பர் வந்தால் எடுக்கவேண்டாம், ஒருதரம் ஏமாந்தவர்களைத் தேடி அவர்கள் திரும்பவும் வருவார்கள், காசை மீட்டுத் தருகிறோம் என்றும் சொல்வார்கள் என்று பவதாரணி படித்துப் படித்துச் சொன்னது. நான் வெட்டிவிடுகிறேன். வெட்டிவிட்டு அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வல்லிபுரம் மருமகனுக்கு என் புது நம்பரைச் சொல்லி, அவன் நிரோவிடம் கொடுத்திருப்பானோ? கேட்கப் பயமாக இருக்கிறது. இல்லை என்றால் என்ன செய்வது?

சறோஜினி


சுருவில்,
24.08.2024

அன்புள்ள சறோஜினிக்கு,

உம்முடைய கடிதத்தைத் தம்பி வீட்டு மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டு வாசித்தேன். இரண்டாம் தரம் வாசிக்கக் கண்ணாடி உதவவில்லை.

கோபம் போய்விட்டதா என்று நீர் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன், முழுக்கப் போகவில்லை. துறையடியில் ஒருவரும் பக்கத்தில் இருக்காத அந்தப் பயணத்தை நான் மறக்கக் காலம் எடுக்கும். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று குத்துகிறது. ஐந்து வருடம் நான் மதிலுக்கு அடுத்த பக்கம் இருந்தேன். மாதாமாதம் அவனுடைய பிறந்த நாளை மெசினில் அமத்தினேன். உம்மிடம் ஒருநாள், "பெடியன்ரை பாடு என்னவாம்?" என்று கேட்கவில்லை. அதை ஒரு கள்ளன் கேட்டிருக்கிறான். கேட்டதற்குக் கூலியும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். வெட்கமாக இருக்கிறது.

இங்கே என்னை நன்றாகத்தான் பார்க்கிறார்கள். சாப்பாடு நேரத்துக்கு வருகிறது. பிள்ளைகள் ரீவி பார்க்கிறார்கள், நானும் பார்க்கிறேன். இந்த ஊரில் ஒருவருக்கும் நான் கள்ளன் என்று தெரியாது. நல்லவன் என்றும் தெரியாது. அது வேறொரு மாதிரியான தனிமை. பின்னேரத்தில் வீதி வரைக்கும் நடந்துபோய் நிற்பேன், அவ்வளவுதான்.

இப்போது நம்பர் விஷயம். எடும். எடுப்பதால் காசு போகாது, சொல்வதால்தான் போகும். பவதாரணி சொன்னது பிழையில்லை, அந்தப் பிள்ளைக்கு உம்முடைய கதை தெரியாது. எடுத்து உம்முடைய பெயரைச் சொல்ல வேண்டாம். எந்த இலக்கத்தையும் சொல்ல வேண்டாம். எதையாவது அமத்தச் சொன்னால் அமத்த வேண்டாம். காசை மீட்டுத் தருகிறேன் என்றால் வையும். கள்ளனுக்கு எப்போதும் அவசரம் இருக்கும். உம்மை ஒரு நிமிடம் சும்மா இருந்து யோசிக்க விடமாட்டான். மற்றபடி எனக்கும் தெரியாது. அது அவனாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர். நான் அப்போது பக்கத்தில் இருக்கிறேன், அது மட்டும்தான் சொல்லலாம்.

இந்த மாதம் முடிய வருகிறேன். வல்லிபுரத்துக்குச் சொல்லும், கார்டுகளை இனிமேல் தொடமாட்டேன். நல்ல எண்ணத்தோடுதான் தந்தார்கள், வாங்கினேன். ஆனாலும் அது பிழையான பழக்கம். ஒருவரை ஒருவர் சந்தேகப்பட அதைவிட நல்ல வழி ஒருவரும் கண்டுபிடிக்க ஏலாது. வரக்கூடியவர்கள் என்னோடு படகில் வரட்டும். நான் மெசினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். அவரவர் அமத்தட்டும். எல்லாரும் நாலு இலக்கத்தை மாற்றவும் வேண்டும். நீரும்தான். உமக்கு அது கஷ்டமாக இருக்கும் என்று தெரியும்.

மார்க்கண்டு


நெடுந்தீவு கிழக்கு,
29.08.2024

அன்புள்ள அத்தானுக்கு,

இது உங்கள் கைக்கு வர முதல் நீங்களே வந்துவிடவும் கூடும். ஆனாலும் யாருக்காவது சொல்லாமல் என்னால் இருக்க ஏலாது. இங்கே வேறு ஆள் இல்லை.

உங்கள் கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் அந்த நம்பர் வரவில்லை. வெட்டி வெட்டிக் கடைசியில் நானே துரத்திவிட்டேன் என்று நினைத்தேன். கிணற்றடிக்குப் போனாலும் போனைக் கொண்டு போனேன். நானே அந்த நம்பருக்கு எடுக்கலாம் என்று ஒருதரம் கையில் எடுத்தேன். கேக்காரன்தான் என்றால் என்று வைத்துவிட்டேன்.

நேற்று மத்தியானம் சோறு போட்டு இருந்த நேரம் வந்தது. கை கழுவாமல் எடுத்தேன்.

நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன். பெயர் சொல்லவில்லை. ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. அந்தப் பக்கமும் ஒரு சத்தமில்லை. எங்கேயோ வாகனம் போகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் காத்துக்கொண்டிருந்தேன். இப்போது அம்மா என்பான், இப்போது இலக்கம் கேட்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. வைக்கவும் இல்லை. நானும் வைக்கவில்லை. சோற்றில் ஈ வந்து இருந்தது, துரத்தக்கூட ஆடவில்லை. ஆடினால் வைத்துவிடுவானோ என்று பயம்.

கனநேரத்துக்குப் பிறகு நான்தான் சொன்னேன். "கேக் வந்து சேந்திராது, என்ன?" என்றேன். வேறு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கும் பதில் வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு அடைத்து அடைத்து. அவன் கதைக்கவே இல்லை. ஆனால் போனை வைக்கவும் இல்லை.

கள்ளன் என்றால் கதைத்திருப்பான் அத்தான்.

சறோஜினி